தூசி சூழ்ந்த விண்மீன்கள்

சென்னையின் வடபகுதியில், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாக வாழும் மக்களுக்குத் தூசியைப் பற்றி எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த திண்ணையில் மாலையில் விரலால் பெயர் எழுதிவிடலாம். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கு அருகே, கழிமுகச் சேற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்திருப்பதை அங்குள்ள மீனவச் சிறுவர்களும் அறிவர்.

அத்தூசி நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. தூசி நிலைத்து நிற்கும் பொருள் அன்று. காற்று அதனை அடித்துச் செல்கிறது. மழை கழுவிச் செல்கிறது. எஞ்சியது மண்ணோடு மண்ணாகிறது. ஆதலின் ஓரிடத்தில் நாள்தோறும் தூசி காணப்படுமாயின், நாள்தோறும் அதனை உண்டாக்கும் ஒன்று அருகில் இருந்தே தீர வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றப்பட்ட காலத்தில் இராயபுரத்து வீடுகளில் கரித்தூசி படிந்து வந்தது. 2011-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் ஆணையால் அவ்வேலை சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கி எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. தூசியின் ஊற்று இடம் பெயர்ந்தால் தூசியும் இடம் பெயரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மிக எளிய இந்த விதியே, கோடானுகோடி கல் தொலைவில் உள்ள விண்மீன்களைப் பற்றிய பெரியதோர் உண்மையை வானநூல் அறிஞர்களுக்குப் புலப்படுத்தியது. சில விண்மீன்களைச் சுற்றிக் குளிர்ந்த தூசி ஒரு தட்டுப் போலப் பரந்து கிடக்கிறது. அத்தகைய விண்மீன்கள் எவை, அவற்றின் இயல்புகள் யாவை, அத்தூசி எதனை உணர்த்துகிறது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மாணவர்களே, இவ்வரலாற்றின் முற்பகுதி நம் சென்னை நகரிலேயே நிகழ்ந்தது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்குகளைக் கரை சேர்க்கும். சோழமண்டலக் கடற்கரையின் அமைப்பைத் துல்லியமாக அளந்து வரைந்தாலன்றிக் கப்பல்கள் தப்பிப் பிழைக்க வழியில்லை. ஓர் ஊரின் தீர்க்கரேகையைத் திட்டமாக அறிவதற்கோ விண்மீன்களின் துணை வேண்டும். இக்காரணத்தால் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக் கூடத்தை அமைத்தார். பின்னர், கடற்கரையை அளந்து வந்த மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக் கூடம் எழுந்தது. அங்குக் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. தமிழும் அதில் பொறிக்கப்பட்ட மொழிகளுள் ஒன்று.

அக்கூடத்தின் தலைவராக இருந்த தாமஸ் டெய்லர் என்பவர் பல்லாண்டுகள் உழைத்து, 11,015 விண்மீன்களின் இடங்களைக் குறித்த பட்டியல் ஒன்றை 1844-இல் வெளியிட்டார். அக்காலத்தில் அது உலகம் மதித்த நூல். ஆயினும் அப்பட்டியலில் ஒரு விண்மீன் என்பது ஓர் எண்ணும், ஓர் இடமும், ஓர் ஒளித்தரமும் மட்டுமே. அது தனித்திருக்கிறதா, சுற்றத்தோடு இருக்கிறதா என்று கேட்பதற்கு அன்று கருவியும் இல்லை, வழியும் இல்லை.

அவ்வாறு கேட்கத் துணிந்தவர் டெய்லருக்குப் பின் தலைமையேற்ற கேப்டன் ஜேக்கப். பாம்பாட்டி மண்டலத்தில் 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீன் உண்டு. ஒன்றையொன்று சுற்றிவரும் அவ்விரண்டின் நகர்ச்சி கணக்கோடு முற்றும் பொருந்தாதிருப்பதை ஜேக்கப் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அவற்றை அலைக்கழிக்கிறது என்று கொள்வது மிகவும் பொருத்தம் என 1855-இல் எழுதினார். நம் சூரியனை விட்டு வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவைகளைக் காட்டி வாதிட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று இது. அது நுங்கம்பாக்கத்தில் பிறந்தது. அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் 1896-இல் இக்கருத்தை மீண்டும் எடுத்துரைத்தார். 1899-இல் மௌல்டன் என்னும் கணித அறிஞர், அத்தகைய கோள் அவ்விடத்தில் நிலைத்து ஓட இயலாது என்று நிறுவினார். ஜேக்கப் தேடிய கோள் அங்கு இல்லை. ஆனால் அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

ஜேக்கப்பை அடுத்து 1861-இல் சென்னைக்கு வந்து பொறுப்பேற்ற நார்மன் போக்சன் வேறொரு வழியில் நம் பொருளுக்கு அருகில் வந்தார். வந்த சில வாரங்களிலேயே, அவ்வாண்டு ஏப்ரலில், அவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதல் காணப்பட்ட சிறுகோள் ஆதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் சூட்டினார். அதனைத் தொடர்ந்து சாப்போ, சில்வியா, கமில்லா, வெரா என மேலும் நான்கினைச் சென்னையிலிருந்தே கண்டார். அக்கூடத்திலேயே பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867-இல் ரெடிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்கள் அறியும்படி நம் நாட்டு மொழிகளில் விளக்கியவரும் அவரே. கோடைக்கானலில் சூரிய ஆய்வுக் கூடம் தோன்றிய 1899-ஆம் ஆண்டோடு சென்னையின் வானாய்வுப் பணி அங்கே மாறியது. வெரா காணப்பட்டது 1885-இல். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1988-இல், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலிருந்து இராஜமோகன் என்னும் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டார். அதற்கு இராமானுஜன் என்று பெயரிடப்பட்டது.

சிறுகோள்களுக்கும் தூசிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவை கோளாக உருத்திரளாமல் எஞ்சிய பொருள்கள். இவை என்றோ ஒரு நாள் ஒன்றோடொன்று மோதும்; மோதினால் உடையும்; உடைந்தவை மறுபடியும் மோதும். இவ்வாறு மலையளவினது கல்லாகி, கல் மணலாகி, மணல் தூளாகிறது. போக்சன் கண்ட சில்வியா, கமில்லா ஆகிய இரண்டிற்கும் சிறிய துணைக்கோள்கள் உண்டு என்பது நம் காலத்தில் தெரியவந்தது. மோதலில் சிதறிய துண்டுகளே அவ்வாறு சுற்றி வருகின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். இருள் நிறைந்த இடத்தில், சூரியன் மறைந்து செவ்வானமும் மங்கிய பின், மேற்கே கூம்பு வடிவில் மெல்லியதொரு வெண்மை தோன்றும். அது விண்வெளித் தூசியின் மேல் சூரிய ஒளி பட்டுத் தெறிப்பதனால் விளைவது. நம் சூரியனும் தூசி சூழ்ந்த ஒரு விண்மீனே என்பதற்கு அதுவே கண்கண்ட சாட்சி.

அவ்வாறாயின் பிற விண்மீன்களின் தூசி ஏன் நெடுங்காலம் புலப்படவில்லை? விண்மீனின் பேரொளியில் தூசியின் மங்கிய ஒளி மூழ்கிவிடுகிறது. கலங்கரை விளக்கின் அருகில் பறக்கும் மின்மினியைக் கடலிலிருந்து காண முடியுமோ? ஆயின் தூசிக்குச் சொந்தமான ஒளி ஒன்று உண்டு. எப்பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்பக் கதிர்களை வீசும். பழுக்கக் காய்ந்த இரும்பு கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. காய்ச்சிய பால் வைத்த பாத்திரம் தெரிவதில்லை என்றாலும், அருகில் கொண்டு செல்லும் கை அதன் வெம்மையை உணர்கிறது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வெப்பக் கதிரையே அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியில் இதனைக் கண்டறிந்தார். விண்மீனிலிருந்து வெகு தொலைவில் உறைந்து கிடக்கும் தூசியும் இத்தகைய கதிரை வீசுகிறது. மிகக் குளிர்ந்திருப்பதால் அதன் அலைநீளம் மிக அதிகம். நம் காற்று மண்டலமோ அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. மேலும் தொலைநோக்கியே வெம்மையாக இருந்தால் தன் கதிரிலேயே அது குருடாகிவிடும். ஆதலின் கருவியை வானத்துக்கு மேலே கொண்டு சென்று, திரவ ஹீலியத்தால் கடுங்குளிரில் வைக்க வேண்டியதாயிற்று.

1983-இல் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் கூடி அத்தகைய துணைக்கோள் ஒன்றை ஏவின. அதன் பெயர் ஐராஸ். அதன் அளவுகளைச் சரிபார்க்க நம்பகமான ஒரு விளக்கு தேவைப்பட்டது. அவ்விளக்காக அவர்கள் கொண்டது வீகா என்னும் விண்மீன். நம் நாட்டு நூல்கள் அபிசித்து என்று கூறுவது அதனையே. இங்கு ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். ஐந்து ஒளித்தரங்களின் வேறுபாடு நூறு மடங்கு ஒளிக்குச் சமம் என்று 1856-இல் அளவு வகுத்துத் தந்தவர், பின்னாளில் சென்னைக்கு வந்த அதே போக்சன். அவ்வளவுகோலுக்குத் தொடக்கக் குறியாகப் பிற்காலத்தார் வைத்துக்கொண்டது வீகாவை. அத்தகைய விண்மீனிலேயே புதுமை காத்திருந்தது. நெடிய அலைகளில் நோக்கியபோது, எதிர்பார்த்ததினும் பன்மடங்கு மிகுதியான கதிர் அங்கிருந்து வந்தது. அவுமன், ஜில்லெட் என்னும் இருவரும் கருவியின் பிழையோ என்று பலமுறை ஆராய்ந்து, பிழையன்று எனத் தெளிந்தனர். வீகாவைச் சுற்றி, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 190 பாகைக் குளிரில், தூசி பரந்து கிடந்தது. அதே துணைக்கோள் ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ், எப்சிலன் எரிடானி ஆகிய விண்மீன்களிடத்தும் அத்தகைய தூசியைக் கண்டது. 1984-இல் ஸ்மித், டெரில் என்னும் இருவர் சிலி நாட்டிலிருந்து பீட்டா பிக்டோரிஸைப் படம் பிடித்தனர். விண்மீனின் ஒளியை மறைத்து எடுத்த அப்படத்தில், விளிம்பு நம்மை நோக்க நிற்கும் ஒரு தட்டு இருபுறமும் நீண்டு தெரிந்தது.

நாம் தொடக்கத்தில் கண்ட விதி இங்கேதான் பயன்படுகிறது. அத்தூசி, விண்மீன் பிறந்தபோது எஞ்சிய பழந்தூசியாக இருக்கலாகாதோ? இருக்க முடியாது. மிக நுண்ணிய துகள்களை விண்மீனின் ஒளியே வெளியே தள்ளிவிடும். சற்றுப் பெரிய துகள்களுக்கு அவ்வொளியே தடையாகி, அவற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சுருள் வழியில் விண்மீனை நோக்கி இறங்கச் செய்யும். இதனை 1903-இல் பாயிண்டிங் எடுத்துக்காட்டினார். 1937-இல் இராபர்ட்சன் செம்மைப்படுத்தினார். இவற்றோடு மோதல்களும் சேர்ந்து அத்துகள்களை ஓயாது அழித்துக்கொண்டே இருக்கின்றன. ஃபோமல்ஹாட்டின் வயதோ ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகள். அத்தனை காலமும் ஆதித் தூசி எஞ்சியிருப்பதற்கு வழியில்லை. ஆகவே அங்கே தூசியை இடைவிடாமல் உண்டாக்கும் பாறைகளும் பனிக்கட்டி உருண்டைகளும் உள்ளன. அவற்றை எந்தத் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டதில்லை. எனினும் அவை உண்டு என்பதில் ஐயமில்லை. வேறு விண்மீன்களிடத்தும் திண்பொருள் திரண்டு உலகங்களாக உருவாகியுள்ளது என்பதற்கு மனிதன் பெற்ற முதல் உறுதியான சான்று, கோளாக வரவில்லை, தூசியாகவே வந்தது. சூரியனைப் போன்றதொரு விண்மீனுக்குக் கோள் உண்டென்று உறுதிப்பட்டதோ 1995-இல்தான்.

இனி, எவ்வகை விண்மீன்கள் இத்தூசியைச் சுமக்கின்றன என்று காண்போம். 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர், 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் நூற்றுக்கணக்கான விண்மீன்களை ஆராய்ந்தன. அவற்றால் தெளிந்த இயல்புகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, பொருண்மை. சூரியனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பொருண்மையும் வெண்ணிற ஒளியும் கொண்ட வீகா போன்ற விண்மீன்களில் மூன்றில் ஒரு பங்கினிடத்தே இத்தூசி காணப்பட்டது. சூரியனை ஒத்தவற்றில் ஐந்தில் ஒன்று. சிறிய செந்நிற விண்மீன்களில் மிக அரிது, எனினும் ஏ.யு. மைக்ராஸ்கோப்பி என்னும் இளம் செவ்விண்மீனிடத்தே ஒரு தட்டு 2004-இல் கண்டறியப்பட்டது. மங்கிய விண்மீன் தன் தூசியை அதிகம் சூடேற்றாது. ஆதலின் அது நம் கருவிக்கு எளிதில் புலப்படாது. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையை ஆராய்ச்சியில் என்றும் மறத்தலாகாது.

இரண்டாவது, வயது. இளைய விண்மீன்களிடத்தே தூசி மிகுதி. வயது ஏற ஏறப் பாறைகள் தேய்ந்து குறைவதால் தூசியும் குறைகிறது. விண்மீனுக்கு அருகில் உள்ள வெம்மையான தூசி விரைவில் அழிகிறது. தொலைவில் உள்ள குளிர்ந்த தூசியோ நெடுங்காலம் நிலைக்கிறது. அங்குப் பாறைகள் மெல்ல ஓடுகின்றன, அரிதாகவே மோதுகின்றன. முதிய விண்மீன்களிடத்தே காணப்படும் தட்டுகள் பெரும்பாலும் குளிர்ந்தனவாக இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, விண்மீனின் கலவை. இரும்பு முதலிய கனமான தனிமங்கள் மிகுந்த விண்மீன்களுக்கே வியாழனைப் போன்ற பெருங்கோள்கள் மிகுதியாக அமைகின்றன. தூசித் தட்டுகளோ அவ்வாறு வேற்றுமை பாராட்டுவதில்லை. கனமான தனிமங்கள் குறைந்த விண்மீன்களிடத்தும் காணப்படுகின்றன. பெரிய கோள்களை உருவாக்க வளம் போதாத இடத்திலும் சிறு பாறைகள் உருவாகலாம் என்பது இதனால் பெறப்படுகிறது.

நான்காவது, துணை. இரட்டை விண்மீன்கள் மிக நெருங்கியோ மிக விலகியோ இருந்தால் தட்டு அமைவதற்குத் தடை குறைவு. நம் கோள்கள் சூரியனைச் சுற்றும் தொலைவுகளை ஒத்த இடைவெளியில் அவை இருக்குமாயின், தூசி அரிதாகவே காணப்படுகிறது. ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றின் சுற்றத்தைக் கலைத்துவிடுகிறது.

ஃபோமல்ஹாட் விண்மீன் தந்த படிப்பினை ஒன்றையும் கூற வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவைப் போல் சுமார் 140 மடங்கு தொலைவில், அதனைச் சுற்றி அழகிய தூசி வளையம் ஒன்று உண்டு. அவ்வளையத்தின் அருகே ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. அது கோளே என்று 2008-இல் அறிவித்தனர். பின்னர் எடுத்த படங்களில் அப்புள்ளி விரிந்து மங்கி மறைந்தது. அது கோள் அன்று, இரு பெரும் பாறைகள் மோதியதால் எழுந்த தூசிப் படலமே என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜேக்கப்பின் கோள் கணக்கால் மறைந்தது. இக்கோள் படங்களால் மறைந்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் மீண்டும் அளந்து பார்க்க இடமிருப்பதே அறிவியலின் வலிமை.

நம் சூரியனின் நிலை யாது? நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் நிறைந்த வளையம் ஒன்று உண்டு என்பது 1992 முதல் கண்கூடாகத் தெரிந்தது. அங்கும் தூசி எழுகிறது. ஆனால் அது மிகச் சொற்பம். ஹெர்ஷல் தொலைநோக்கியை ஃபோமல்ஹாட் அருகே நிறுத்தி நம் சூரியனை நோக்கினாலும் அத்தூசி புலப்படாது. இதுகாறும் நாம் கண்டவை மிகவும் அடர்ந்த தட்டுகளே. மெலிந்தவை இன்னும் எத்தனையோ மறைந்திருக்கலாம். மெலிந்த பொருளையும் குறிப்பால் உணரலாம் என்பதற்கு நம் காவலூரே சான்று. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, அவ்விண்மீனின் ஒளி ஒரு கணம் குன்றியதைப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அங்கிருந்து பதிவு செய்தனர். அன்று வேறு இடங்களிலும் பெற்ற பதிவுகளால், யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது உறுதிப்பட்டது.

மாணவர்களே, இவ்விண்மீன்களை நீங்களே காணலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் விலகிய முன்னிரவில், தென்திசையில் பாதி உயரத்தில் தனித்து ஒளிர்வது ஃபோமல்ஹாட். தை, மாசியில் தெற்கே அகத்திய விண்மீன் சுடர்விடும். அதற்குச் சற்று மேற்கே மங்கலாகத் தெரிவது பீட்டா பிக்டோரிஸ். ஆடி, ஆவணியில் வடவானத்தில் உயர்ந்து வெண்மையாக ஒளிர்வது வீகா. ஆனால் ஆலைகளின் புகையும் துறைமுக விளக்குகளின் ஒளியும் சூழ்ந்த நம் வடசென்னைக் கரையிலிருந்து பீட்டா பிக்டோரிஸைக் காண்பது எளிதன்று. கரையை விட்டு வெகுதூரம் சென்று வலை வீசும் மீனவருக்கு அது கிட்டும். கரையில் வாழும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கிட்டுவதில்லை. இது சிறிய இழப்பு அன்று.

இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன் என்ற முறையில் உங்களுக்கு ஒன்று கூறுவேன். இருபத்தைந்து ஒளியாண்டுகளுக்கு அப்பால் தூசியைக் கண்ட அறிஞர்கள், அது எப்போதும் அங்கு உள்ளதுதானே என்று வாளாவிருக்கவில்லை. எங்கிருந்து வந்தது, எது அதனை ஓயாமல் உண்டாக்குகிறது, எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டனர், அளந்தனர், விடை கண்டனர். அக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் படியும் தூசியைக் குறித்தும் அவற்றைக் கேட்கலாம்; ஒரு கண்ணாடித் தகட்டை வெளியே வைத்து, நாள்தோறும் படிவதை நிறுத்து, காற்று வீசும் திசையோடு சேர்த்து எழுதி வைக்கலாம். அவ்வாறு ஓர் ஆண்டு எழுதிய குறிப்பேடு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்குமாயின், இக்கரையில் வாழும் மக்கள் தூசியைப் பற்றி முறையிடும்போது அவர்கள் கையில் வெறும் சொல் அன்று, அளவும் இருக்கும்.